மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும்

பள்ளிப் பாடத்தில் 'இலையுதிர் காலம்' என்றொரு பருவம் வருகிறது. பொன்னிற இலைகள் உதிர்கின்றன; அடுத்த படத்தில் வெண்பனி பொழிகிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். சன்னலுக்கு வெளியே நோக்கினாலோ, வேம்பும் புங்கும் ஓர் இலையையும் உதிர்க்காமல் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. இலையுதிர் காலம் நமக்கு இரவல் பெயர். தமிழன் தன் நிலத்தைத் தானே பார்த்துப் பருவங்களுக்குப் பெயரிட்டவன். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிர் முடிந்து முன்பனி தலைகாட்டும் இந்நாட்களில் நம் தெருக்களில் இலை உதிர்வதில்லை, தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீரில் நம் அறம் முகம் பார்த்துக்கொள்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை, தோழர்களே! தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை அப்பக்கத்திலேயே இறக்கிவைத்து விடுகிறது. நமக்குக் கிடைப்பது மிச்சம். வாடைக்காற்றோடு வரும் வடகிழக்குப் பருவமழைதான் நம் மழை. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் வந்து விடுகிறது. அந்த மூன்று திங்களிலும் நாள்தோறும் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆண்டு முழுவதும் வரவேண்டியது இரண்டொரு நாளில் வந்து வாசலில் நின்றால், அதை எங்கே அனுப்புவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு விடை வைத்திருக்கிறார். பெரும்பாலும் ஒரே விடைதான்: 'நம் வாசலை விட்டு அப்பால்.'

அந்த 'அப்பால்' எங்கே இருக்கிறது? அங்கே யார் இருக்கிறார்? இதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

நாம் பணியாற்றும் பள்ளியில் ஊரின் ஏற்ற இறக்கத்தை அறிய நிலப்படம் வேண்டியதில்லை; வருகைப் பதிவேடு போதும். இரண்டு நாள் அடைமழை பெய்து மூன்றாம் நாள் பள்ளி திறந்தால், வராத பிள்ளைகள் எல்லாரும் ஒரே தெருவினர். வந்தவருள்ளும் சிலர் புத்தகங்களை நெகிழிப் பையில் சுற்றி, அந்தப் பையும் நனைந்து, எழுத்து கரைந்த குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுவர். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. பெருவெள்ள ஆண்டுகளில் அரசு தேர்வைத் தள்ளி வைக்கும். ஒரு தெரு மட்டும் மூழ்கினால் எவர் தள்ளி வைப்பார்? கரைந்த குறிப்பேட்டைப் படித்தவனும் காய்ந்த குறிப்பேட்டைப் படித்தவனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். பிறகு மதிப்பெண்ணைப் பார்த்து, 'அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. அவர்கள் வீட்டில் ஏறியது தண்ணீர். அதனால்தான் படிப்பு ஏறவில்லை. இதைச் சொல்ல ஆளில்லை.

தண்ணீர் அவர்கள் வீட்டில் எப்படி ஏறியது? வானத்திலிருந்து நேராக ஏறவில்லை. சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

சாலை பழுதுற்றால், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே முறை. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அவ்வாறு செய்யும்படி எழுத்து மூலம் அறிவுறுத்தினார். ஆனால் பழைய தாரின் மேலேயே புதிய தாரை ஊற்றுவது எளிது. ஊற்றி ஊற்றிச் சாலை உயர்ந்தது, வீடுகள் தாழ்ந்தன. முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கி நுழைகிறோம். இதைக் கண்ட ஒருவர் புதுவீடு கட்டும்போது அடித்தளத்தைச் சாலையைவிட மூன்றடி உயர்த்தினார். அடுத்தவர் நான்கடி. வாசலுக்கு முன்னே சாலை வரை சரிவாகச் சிமெண்டு பூசி, வண்டி ஏற வழி செய்தனர். அந்தச் சரிவு கால்வாயை மூடியது. பழைய வீட்டை இடிக்க மனமில்லாதவர், ஜாக்கிகளை வரிசையாக வைத்து வீட்டையே அடியோடு தூக்கி நிறுத்தும் வேலையும் இப்போது நடைபெறுகிறது. பணம் உள்ளவன் வீடு தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கிறது. பணமில்லாதவன் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறான். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைக்கிறான். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றுகிறான். பிள்ளையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறான்.

இந்தக் கதையில் கொடியவன் எவனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றடி உயர்த்தியவர் தம் பிள்ளைகளைக் காத்தார். நான்கடி உயர்த்தியவரும் அப்படியே. எவரும் அண்டை வீட்டான் மூழ்கட்டும் என்று எண்ணவில்லை. எண்ணத்தை மட்டும் வைத்து அளந்தால் தெரு முழுவதும் நல்லவர்களே. ஆயினும் நல்லவர்கள் அத்தனை பேரின் தண்ணீரும் ஒரு வீட்டுக்குள் போய் நிற்கிறது. அப்படியானால், 'நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை' என்ற ஒரு சொல்லால் நம் கணக்கு முடிந்து விடுமா?

முடியாது என்பது நம் கருத்து. தெரியாமல் செய்தவனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மழை ஆண்டுதோறும் வந்து, நம் தண்ணீர் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைக் கண்முன்னே காட்டிவிட்டுப் போகிறது. கண்ட பிறகு, 'எனக்குத் தெரியாது' என்ற வாசல் அடைபட்டு விடுகிறது. அதன்பின் எஞ்சுவது, தெரிந்தே செய்தல் அல்லது தெரிந்தே திருத்துதல்.

இங்கே மூன்று மறுப்புகளைக் கேட்கிறோம்.

'என் மனை, என் மண், என் பணம். நான் உயர்த்தினால் கேட்க நீ யார்?' என்பது முதல் மறுப்பு. மனை உம்முடையது, ஐயா, மறுக்கவில்லை. ஆனால் உம் மொட்டை மாடியில் விழுந்த மழை உம் குழாய் வழியே இறங்கிச் சாலைக்கு வந்து, அடுத்தவன் அடுப்புக்குள் புகுகிறதே, அதுவும் உம்முடையதுதானே? உரிமை கொண்டாடும்போது எல்லைக்கல் வரை அங்குலம் விடாமல் அளக்கிறோம். பொறுப்பு என்று வரும்போது மட்டும் மாடி மழை ஊர்ப்பொதுவாகிவிடுகிறது! வீடுதோறும் மழைநீர் சேமிப்பு அமைப்பு வேண்டும் என்று தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயம் ஆக்கப்பட்டது. எத்தனை வீட்டில் அந்தக் குழி இன்று குழியாக இருக்கிறது? கட்டட அனுமதிக்காகத் தோண்டியதைக் குடிபுகுந்தபின் ஓடு பதித்து மூடியவர்களை நாம் அறிவோம். தன் கூரை நீரைத் தன் மண்ணுக்குக் கொடுத்தவன், தன் கிணற்றையும் நிரப்பிக்கொள்கிறான். அண்டை வீட்டையும் அந்த அளவுக்கு விட்டுவைக்கிறான்.

'இதெல்லாம் அரசின் வேலை. கால்வாய் வெட்டாதது அரசின் குற்றம்' என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. பெரும் உண்மை உண்டு. ஏரியை ஏரியாக விடாதது யார் குற்றம்? சென்னையில் நெடிய ஏரி இருந்த இடத்தில்தான் 1920-களில் தியாகராயநகர் எழுப்பப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. நமக்குப் பெருமை தரும் வள்ளுவர் கோட்டமே, 1976-இல் திறக்கப்பட்டபோது, நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில்தான் நின்றது. நம்மவர் செய்தது என்பதற்காக ஏரி இல்லாமற்போனது இல்லாமற்போகுமா? ஆகவே ஆட்சியாளரைக் கேட்க வேண்டும். உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் அரசு வெட்டிய கால்வாயின் மேல் சிமெண்டுச் சரிவு போட்டவர் அரசு அல்லவே. நெகிழிப் பைகளை அதன் வாயில் அடைத்தவரும் அரசு அல்லவே. அரசைக் கேட்கும் கை முதலில் தன் வாசல் அடைப்பை எடுத்துவிட்டு நீளட்டும். அந்தக் கேள்விக்கு எடை கூடும்.

மூன்றாம் மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனத்துக்குள் வைத்திருக்கின்றனர். 'அவர்கள் பள்ளத்தில் பிறந்தார்கள். அது அவர்கள் விதி.' வினைப்பயன் என்ற பெயரில் இந்த நாட்டில் எத்தனை கொடுமைகளுக்குச் சமாதானம் சொல்லப்பட்டதோ, அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்தில் குடியிருக்கின்றன. தண்ணீருக்கு முற்பிறப்பு தெரியாது. அதற்குத் தெரிந்தது மட்டம் ஒன்றே. ஆனால் எந்த மட்டத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று வகுத்தது தண்ணீர் அன்று, மனிதன். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்ததைப் பருவக்காற்றா அமைத்தது? நல்ல மனையை வாங்க நிலமும் இல்லை, பணமும் இல்லை, வாங்க வந்தால் விற்கும் மனமும் இல்லை என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர், ஏரி ஓரத்திலும் ஓடைக் கரையிலும் குடிசை போட்டனர். இன்று வெள்ளம் வந்தவுடன், 'நீர்வழியை ஆக்கிரமித்தவர்கள்' என்று அவர்களையே சுட்டுகிறோம். அதே நீர்வழியில் பத்து மாடி எழுப்பியவருக்கு வேறு சொல் வைத்திருக்கிறோம்: வளர்ச்சி.

2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியலை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூர். அடைமழையில் ஊறிப் போயிருந்த உயர்ந்த மதில் ஒன்று, அதன் கீழே இருந்த ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்தது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அனைவரும் ஒடுக்கப்பட்ட மக்கள். மதிலுக்கு அப்பால் வசதியான வீடு, இப்பால் இவர்கள். அந்த மதிலைப் பற்றித் தாங்கள் முன்னரே முறையிட்டதாக அப்பகுதி மக்கள் கூறினர். அது தீண்டாமைச் சுவர் என்று பலர் குற்றம் சாட்டினர். உடைமையாளர் தரப்பு மறுத்தது. அந்த வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. தன் வீட்டுப் பக்கம் சாயக்கூடிய சுவராக இருந்தால், அதன் கீழே தன் பிள்ளை உறங்குவதாக இருந்தால், எவராவது ஒரு கூதிர்காலம் முழுவதும் அதை அப்படியே நிற்க விடுவாரா? சுவரின் உயரத்தை அளக்கத் தெரிந்த நமக்கு, அது விழுந்தால் எவ்வளவு தொலைவு விழும் என்று அளக்கத் தோன்றவில்லை. ஏனெனில் விழும் இடம் நம் மனைக்கு வெளியே. மீண்டும் அந்த 'அப்பால்'!

மழை கொன்றது என்று செய்தி எழுதுவது எளிது. மழைக்கு மதில் கட்டத் தெரியாது.

பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் இந்தப் பருவத்தைக் கண்ட விதம் நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை கூதிர்காலத்தைப் பாடுவது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் தம் நிரைகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், நெருப்பில் கைகாய்ந்து நடுங்கி நிற்பதையும் நக்கீரர் காட்டுகிறார். நகரத்து மாளிகையில் சாளரங்களை அடைத்துக்கொண்டு கதகதப்பாக இருப்பாரையும் காட்டுகிறார். வாடை ஒன்று, அது வீசும் வாழ்வு இரண்டு. அரசனின் மாளிகையைப் பாட வந்தவரின் கண்ணுக்கு நனைந்த கோவலனும் தப்பவில்லை. இலக்கியம் கற்றவர் என்று சொல்லிக்கொள்ளும் நம் கண்ணுக்கு, அடுத்த தெரு தப்பிப்போவது எப்படி?

மேட்டுத் தெரு பள்ளத் தெருவுக்குச் செய்வது மட்டுமே கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். தெருவும் தெருவும் கயிறு கட்டாமலே கட்டுண்டவை. கொசுவைப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல் வந்தால், 'அந்தச் சாக்கடைத் தெருவிலிருந்து வந்த நோய்' என்று மூக்கைப் பொத்துகிறோம். அறிவியல் வேறு சொல்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு சாக்கடையை நாடுவதில்லை; தேங்கிய நல்ல தண்ணீரை நாடுகிறது. மாடித் தோட்டத்துத் தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. இவையே அதன் தொட்டில்கள். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் சிறகு முளைத்த கொசுவாகி விடுகிறது. பகலில் கடிக்கிறது. அழகுக்காக வளர்த்த செடியின் தட்டில் பிறந்த கொசு, தெரு தாண்டிப் போய்ப் பள்ளத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கலாம். அங்குள்ள டயரில் பிறந்தது இங்கே வந்தும் கடிக்கலாம். தூய்மை நம் தெருவுக்கும் தீட்டு அவர் தெருவுக்கும் என்று பங்கு பிரித்து வைத்தோமே, கொசு அந்தப் பாகப்பிரிவினையை ஏற்கவில்லை.

ஓசையும் அப்படியே. மார்கழி பிறந்தால் விடியுமுன் ஒலிபெருக்கி விழித்துக்கொள்கிறது. இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுமைக்கும் விதி. முன்னிரவுப் பணி முடித்துப் படுத்தவனும், காய்ச்சலில் கிடப்பவனும், தேர்வுக்குப் படிப்பவனும் தெருவில் இருக்கிறார்கள். எந்த மதத்தின் ஒலிபெருக்கியானாலும் சரி. நம் கூட்டத்து ஒலிபெருக்கி விலக்கு என்று எண்ண வேண்டாம்.

'வெள்ளத்தின்போது மக்கள் காட்டும் அன்பை மறந்துவிட்டுப் பேசுகிறீர்' என்று நண்பர் ஒருவர் குறை கூறினார். மறக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மாடிவீட்டார் முன்பின் அறியாதவரை உள்ளே அழைத்தனர். பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் கதவு திறந்தன. மீனவர் படகோடு தெருவுக்குள் வந்தனர். எவர் சமைத்தது என்று கேளாமல் எல்லாரும் உண்டனர். சாதி தண்ணீருக்கடியில் சில நாள் கிடந்தது. உண்மை, உயர்ந்த உண்மை. தண்ணீர் வடிந்தபின் நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? மலைமலையாய்க் குவிந்த அழுகல் குப்பையை அள்ள, வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுப் பணியாளர் கொண்டுவரப்பட்டனர். மூழ்கியபோது 'நாம் எல்லாரும் ஒன்று' என்றோம். அள்ளும் வேலை வந்தபோது, பரம்பரையாக அள்ளியவர் மக்களே அள்ளினர். மழை பொதுவாக இருந்தது, அள்ளுதல் பொதுவாகவில்லை.

வெள்ள நேரத்து அன்பை நாம் இகழவில்லை. ஆனால் உணவுப் பொட்டலம் இறங்கிப் போகும் வழியும் தண்ணீர் இறங்கிப் போன வழியும் ஒன்றே என்பதை எண்ண வேண்டும். ஐப்பசியில் நம் தண்ணீரை அனுப்பி, கார்த்திகையில் நம் சோற்றை அனுப்புகிறோம். சோறு கொடுத்தவன் பெயர் ஊருக்குத் தெரிகிறது. தண்ணீர் அனுப்பியவன் பெயர் எவருக்கும் தெரிவதில்லை. பள்ளத்து வீட்டுத் தாய்க்கு வேண்டியது பொட்டலம் அன்று. அடுப்பு நனையாமல் இருந்தால் அவளே சமைத்துக்கொள்வாள்; வந்தவருக்கும் இரண்டு பிடி போடுவாள்.

அப்படியானால் மேட்டு வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாழ்த்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். எல்லாரும் மூழ்குவது சமத்துவம் அன்று. தன்னைக் காத்துக்கொண்டவனிடம் நாம் கேட்பது, காத்துக்கொண்டதன் செலவைப் பிறன் தலையில் வைக்காதே என்பது மட்டுமே. கூரை நீரை மண்ணுக்கு விடலாம். வாசல் சரிவை இடித்துக் கால்வாயைத் திறக்கலாம். சாலை போட வரும்போது, 'சுரண்டிவிட்டுப் போடு' என்று தெருவே கூடி நின்று சொல்லலாம். பள்ளத்துத் தெருக்காரர் மட்டும் சொன்னால் ஒப்பந்தக்காரர் காதில் விழாது. மேட்டுத் தெருக்காரரும் வந்து நின்றால் விழும். அடைப்பெடுக்க மனிதனைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லி வைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, இருந்தும் மழைநாளில் இறக்குகிறார்கள்.

படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் ஒன்று வைத்திருப்பார். விலை அதிகமில்லை. இருவர் இரு முனையைப் பிடித்து ஒவ்வொரு வாசற்படியாக நகர்ந்தால், ஒரு தெருவின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அளந்துவிடலாம். எந்த வாசல் எத்தனை அங்குலம் தாழ்ந்தது, எந்த வீட்டுக் குழாய் எந்தத் திசையில் விடுகிறது, எந்த இடத்தில் கால்வாய் மூடப்பட்டிருக்கிறது, எந்த மதில் ஊறி நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, படிப்பகத்துச் சுவரில் ஒட்டலாம். வார்டு உறுப்பினரிடம் கொடுக்க ஒரு படி, நகராட்சிப் பொறியாளரிடம் கொடுக்க ஒரு படி. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு தெருவை இவ்வாறு அளந்திருக்கின்றனர். வரைபடத்தில் மிகத் தாழ்ந்த வாசல், அவர்களுள் ஒருத்தியின் வீட்டு வாசல். சாலையைவிடப் பதினேழு அங்குலம் கீழே. அவளே குழாயைப் பிடித்து, அவளே எண்ணை எழுதினாள். மூன்றாம் தெருவை முன்பனி தொடங்கி மழை சற்று ஓய்ந்ததும் அளப்பதாக இருக்கிறோம். குழாய் முப்பதடி போதவில்லை. ஐம்பதடி வேண்டும் என்கிறார்கள்.